மேனேஜருக்கு வேண்டிய வெயில்

முகாம்,
அக்டோபர் 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இந்த முதல் வார்த்தையை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அக்காவும் நானும் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்த பிறகு உன்னை அப்படிக் கூப்பிட எனக்கு உரிமை இருக்கிறதா, தெரியவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. பிடிக்காவிட்டால் அந்த வரியை அடித்துவிட்டு மிச்சத்தைப் படி.

இங்கே கொசுவைத் தவிர எல்லோரும் சுகம். மலைமேல் சாலை போடுவதற்காக அளந்துகொண்டிருக்கிறோம். போன் பேச வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நிற்க வேண்டும். அங்கே நின்று ஆமையைப் பற்றிக் கத்தினால் கீழே இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? அதனால்தான் காகிதம். சாமான் கொண்டுவரும் ஜீப்பிலேயே தபாலும் போய் வருகிறது.

நம் ஆமை மேனேஜர் எப்படி இருக்கிறார்? பிரச்சினை என்றதும் தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறது என்று நீதான் அந்தப் பேரை வைத்தாய், ஞாபகமா? குளிர்காலத்தில் எப்போதும் அவரை வீட்டுக்குள் வைத்திருப்போம். உன் வீட்டில் கீழே உன் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பட்டறை, மேலே உன் அக்கா. இரண்டிலும் அவருக்கு இடமில்லை. வெளி முற்றத்தில்தான் இருந்தாக வேண்டும். இங்கே கூடாரத்தில் என்னாலும் வைத்துக்கொள்ள முடியாது.

ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள். அவர் உடம்புக்குள் அடுப்பு கிடையாது. வெளியே இருக்கிற சூடுதான் அவருடைய சூடு. அது ஏறினால்தான் நடப்பார், சாப்பிடுவார், சாப்பிட்டதும் செரிக்கும். மழையில் நனைந்து, குளிரும் சேர்ந்தால் சளி பிடிக்கும். இரவுக்கு மூடிய பெட்டி ஒன்று வேண்டும். மேலேயிருந்து சூடு வர வேண்டும். பெட்டியின் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் சுமாராகவும் இருக்கட்டும், அவரே பார்த்துப் போய்க்கொள்வார்.

என்ன சாப்பிடுகிறார்? எப்போது எழுந்திருக்கிறார்? எல்லாவற்றையும் எழுது.

அன்புடன்,
மாமா (என்றே இப்போதைக்குப் போட்டுக்கொள்கிறேன்)


வீடு,
அக்டோபர் 15

அன்புள்ள மாமா,

எந்த வரியையும் அடிக்கவில்லை. மாமா என்பது கோர்ட் கொடுத்த பட்டம் இல்லை, கோர்ட் பிடுங்கிக்கொள்ள. உங்களுக்கும் அக்காவுக்கும் ஒத்துவரவில்லை, அது உங்கள் பாடு. உங்களுக்கும் எனக்கும் என்ன சண்டை? இன்னொரு முறை அப்படி எழுதினால் கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவேன்.

மேனேஜருக்கு வீடு தயார். என்ன வீடு தெரியுமா? ஃபிரிட்ஜ்! பட்டறையில் உயிரை விட்ட பெரிய ஃபிரிட்ஜ் ஒன்று மூலையில் கிடந்தது. மோட்டாரைக் கழற்றிவிட்டு மல்லாக்கப் படுக்கப் போட்டேன். கதவு இப்போது கூரை ஆகிவிட்டது. பக்கத்தில் வாசல் வெட்டி, குளிர்பதனக் கிடங்கு வாசலில் தொங்குமே, அந்த பிளாஸ்டிக் பட்டைகளை மாட்டிவிட்டேன். மேனேஜர் தலையால் முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறார், கேபினுக்குள் போகிற மாதிரியே.

சூட்டை வெளியே தள்ளியே பிழைப்பு நடத்தியவன் நான். என்னைப் போய் உள்ளே தள்ளச் சொல்கிறீர்கள். யோசித்துப் பார்த்தால் ஃபிரிட்ஜுக்குக் குளிர் எது, சூடு எது என்று தெரியாது. உள்ளே இருப்பதை வெளியே விடாது, அவ்வளவுதான். இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்தும் இது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. உள்ளே சிவப்பு பல்பு ஒன்று போட்டிருக்கிறேன். சாயங்காலம் போட்டால் விடியும்வரை எரியும்.

பகலில் காற்று படாமல் வெயில் காயட்டும் என்று முற்றத்து மூலையில் கண்ணாடிக் கூரையும் போட்டிருக்கிறேன். கடைகளில் இருக்கும் ஃபிரிட்ஜின் கண்ணாடிக் கதவுதான் அது. உள்ளே கையை வைத்தால் கதகதவென்று இருக்கிறது.

அக்கா மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "ஆமைக்கு ஃபிரிட்ஜா? உருப்பட்ட மாதிரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஆமை முகத்தில் விழிக்கவே மாட்டேன் என்றவள் எதற்காக எட்டிப் பார்க்கிறாள் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் உயிர் மேல் ஆசை உண்டு.

உங்கள்,
மாப்பிள்ளை


முகாம்,
அக்டோபர் 27

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஃபிரிட்ஜா! முகாமில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். சமையல்காரர் நம்பவே இல்லை. "சார், அது குளிரும் சார்" என்று எனக்குப் புத்தி சொல்கிறார்.

இனி சந்தேகங்கள். காற்றுக்கு ஓட்டை போட்டாயா? பல்பைக் கவ்வியில் மட்டும் மாட்டாதே, அது நழுவிக் காய்ந்த புல்லில் விழுந்தால் மேனேஜர் கதி அதோகதி. கம்பி போட்டுக் கட்டு. சூட்டைக் கையால் பார்க்காதே. உன்னிடம் தெர்மாமீட்டர் இருக்கிறதே, அதை அவர் முதுகு உயரத்தில் ஒரு தடவை, தரையில் ஒரு தடவை வைத்துப் பார். முதுகு வெந்து கால் விறைத்திருந்தால் பிரயோஜனமில்லை.

கண்ணாடிக் கூரையை எடுத்துவிடு. உன் மனசு கஷ்டப்படும், தெரியும். ஆனால் வெயிலில் இரண்டு சமாசாரம் இருக்கிறது. ஒன்று சூடு, அது கண்ணாடியைத் தாண்டி வந்துவிடும். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத கதிர். அவர் ஓடு கெட்டியாக இருக்க அதுதான் வேண்டும். சாதாரணக் கண்ணாடி அதை விடாது. ஆக, கண்ணாடிக்குக் கீழே அவர் கதகதப்பாக உட்கார்ந்திருப்பார், ஆனால் ஓடு மட்டும் நாளாவட்டத்தில் மெத்தென்று ஆகிவிடும். வெளிச்சத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. மழைக்கு மட்டும் ஒரு மூலையில் மறைப்பு போதும். உச்சி வெயிலில் ஒதுங்க நிழலும் வேண்டும்.

எனக்காக ஒரு வேலை செய். முற்றத்தின் நடுவில் ஒரு குச்சியை நேராக நட்டு, அவ்வப்போது அதன் நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போடு. சுவர்களின் நிழலையும் குறி. வரைந்து அனுப்பு. வெயில் எந்தப் பக்கம் முதலில் வருகிறது என்று தெரிந்தால்தான் ஃபிரிட்ஜ் வாசலை எந்தப் பக்கம் திருப்புவது என்று சொல்ல முடியும்.

அன்புடன்,
மாமா


வீடு,
நவம்பர் 11

அன்புள்ள மாமா,

கண்ணாடியை எடுத்துவிட்டேன். ரொம்ப வருத்தம்தான்.

குச்சி நட்டுக் கோடு போட்டேன். படம் இதோடு இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் மதில் மேலே எட்டி, "என்ன தம்பி, பந்தல் போடறியா?" என்றார். ஆமைக்கு வெயில் பார்க்கிறேன் என்றதும் தலையை இறக்கிக்கொண்டு மிஷினுக்குப் போய்விட்டார். மறுநாள் அவரே வந்து, "இன்னிக்கு நிழல் கொஞ்சம் நகர்ந்திருக்கு போல" என்கிறார்.

பிறந்து வளர்ந்த வீடு மாமா இது. காலை வெயில் எந்தச் சுவரில் முதலில் விழும் என்று இதுவரை நான் பார்த்ததே இல்லை. நான் ஃபிரிட்ஜ் வைத்திருந்த இடம் பாதிக் காலைவரை நிழல். இழுத்து எதிர்ப்பக்கம் கொண்டுபோய்த் திருப்பி வைத்துவிட்டேன்.

இனி கவலைப்படுகிற விஷயம். உள்ளே சூட்டை அளந்து பார்த்தேன், எல்லாம் சரி. ஆனாலும் மேனேஜர் பல்புக்குக் கீழே வருவதே இல்லை. கடைசி மூலைக்குப் போய், புல்லுக்குள் தலையைச் செருகிக்கொள்கிறார். அதுகூடப் பரவாயில்லை. நான் சாயங்காலம் பல்பைப் போட்டுவிட்டு ரிப்பேர் வேலைக்குப் போகிறேன், அலுத்து வந்து படுத்து, காலையில் பார்த்தால் பல்பு அணைந்திருக்கிறது! பியூஸ் போகவில்லை. சுவிட்ச் தானே நழுவி அணைகிறதோ என்று பார்த்தேன், நல்ல சுவிட்ச். வயரை முழுக்க மாற்றினேன். மறுநாளும் அதே கதை. ஊருக்கெல்லாம் ரிப்பேர் பார்க்கிறவன் வீட்டில் ஒரு பல்பு நிற்க மாட்டேன் என்கிறது.

மூன்று நாளாக விடாத மழை. மேனேஜர் கீரையைத் தொடவில்லை. இன்று காலை மூக்கு ஓரத்தில் நுரை மாதிரி ஒரு குமிழி பார்த்தேன். மூச்சு விடும்போது சின்னதாக ஒரு விசில் சத்தம். இது என்ன மாமா?

உங்கள்,
மாப்பிள்ளை


முகாம்,
நவம்பர் 17

மாப்பிள்ளை,

தபால் கொண்டுபோகிற ஆள் கிளம்பப் போகிறார், சுருக்கமாக எழுதுகிறேன். அது சளி, நெஞ்சுக்கு இறங்கும். இந்தக் கடிதம் கிடைப்பதற்குள் நீயே டாக்டரிடம் கொண்டுபோயிருந்தால் நல்லது. இல்லையென்றால் இப்போதே போ. துணியில் சுற்றி, பெட்டியில் வைத்துக் கொண்டுபோ, வழியில் காற்று படக் கூடாது.

மலைப்பாதை சரிந்து கிடக்கிறது. ஆட்கள் நடந்துபோய் அந்தப் பக்கம் நிற்கும் ஜீப்பில் தபால் கொடுக்கிறார்கள். சரிவைப் பார்க்கிற வேலையில் என்னை விடமாட்டார்கள், நான் இறங்கி வர வழியில்லை. தொட்டி மேல் ஏறி உனக்கு நான்கு முறை போன் போட்டுப் பார்த்தேன், மழையில் லைனே கிடைக்கவில்லை.

பல்பு தானாக அணையாது. சுவிட்ச் நல்ல சுவிட்ச் என்றால் யாரோ அணைக்கிறார்கள். சாயங்காலம் அந்தப் பக்கம் யார் போய் வருகிறார்கள்? பார்.

மாமா


வீடு,
நவம்பர் 26

அன்புள்ள மாமா,

முதலில் நல்ல சேதி. மேனேஜர் பிழைத்துக்கொண்டார். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டேன். டாக்டரம்மா ஊசி போட்டார்கள். வெதுவெதுப்பாக, ஈரமில்லாமல் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். விசில் சத்தம் நின்றுவிட்டது. நேற்று ஒரு கீரைத்தண்டு, இன்று இரண்டு.

பல்பை யார் அணைத்தது என்றும் தெரிந்துவிட்டது. உட்கார்ந்து படியுங்கள்.

டாக்டரிடம் காட்டிவிட்டு வந்த மறுநாள். பொழுது சாயும் நேரம், பல்பைப் போட்டுவிட்டு ஒரு ரிப்பேருக்குக் கிளம்பியவன், ஸ்பேனரை மறந்துவிட்டேன் என்று பாதி வழியிலிருந்து திரும்பினேன். முற்றத்தில் அக்கா. நைட் டியூட்டிக்குக் கிளம்பிய நர்ஸ் யூனிபாரத்தோடு, முட்டி போட்டு, ஃபிரிட்ஜ் வாசலில் கையை விட்டுக்கொண்டிருக்கிறாள். பல்பு அணைந்திருக்கிறது. பக்கத்தில் துண்டு சுற்றிய வெந்நீர் பாட்டில்.

"என்னக்கா பண்றே?"

"உனக்கு அறிவிருக்கா?" என்று ஆரம்பித்தாள். "ராத்திரி முழுக்க உன் மூஞ்சியில லைட்டை அடிச்சா உனக்குத் தூக்கம் வருமா? அதுக்கு மட்டும் எப்படி வரும்? எவ்வளவு நாளா அந்த மூலையில தலையைச் செருகிட்டு கிடக்கு, பார்த்தியா நீ?"

"சிவப்பு லைட் தெரியாதுன்னு நினைச்சேன்."

"யார் சொன்னா? ஆமை சொல்லிச்சா? எங்க வார்டுல பச்சைக் குழந்தைக்கு மேலேருந்து சூடு கொடுப்போம். சூடு வரும், கண்ணு கூசாது. அப்படி ஏதாவது பண்ணித் தொலைக்க வேண்டியதுதானே!"

"சரி, அதை எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

பாட்டிலை எடுத்துக்கொண்டு நின்றாள். எனக்கு அப்போதுதான் கணக்கு புரிந்தது. நான் பல்பைப் போடுகிறேன். அவள் டியூட்டிக்குப் போகும்போது அதை அணைத்துவிட்டு வெந்நீர் பாட்டில் வைக்கிறாள். விடிவதற்குள் பாட்டில் ஆறிப்போகிறது. காலையில் டியூட்டி முடிந்து வந்ததும், நான் எழுவதற்கு முன் பாட்டிலை எடுத்துவிடுகிறாள். மழைக் குளிர் முழுக்க மேனேஜருக்கு. இரண்டு பேரும் அதற்கு நல்லதுதான் செய்திருக்கிறோம், ஒருவருக்கொருவர் வாயைத் திறக்காமல். நோய் மட்டும் அதற்கு வந்தது.

நான் சொன்னதும் அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, ஆறிடும்னு எனக்குத் தோணவே இல்லையேடா" என்றாள். அன்று அவள் டியூட்டிக்கு லேட்.

இப்போது புது ஏற்பாடு. பல்பு மாதிரியே மாட்டுகிற பீங்கான் கட்டை ஒன்று கிடைக்கிறது. சூடு மட்டும் வரும், வெளிச்சம் கிடையாது. பழைய ஏசியின் தெர்மோஸ்டாட்டை அதோடு இணைத்தேன். அது சூடு ஏறினால் மோட்டாரை ஓட்டும், நமக்கு வேண்டியது நேர் எதிர். நடுவில் ரிலே என்கிற குட்டி சுவிட்ச் ஒன்றைப் போட்டுத் தலைகீழாக்கிவிட்டேன். குளிர்ந்தால் தானே போட்டுக்கொள்ளும், சூடு ஏறினால் தானே நிறுத்திக்கொள்ளும். அக்கா தெர்மாமீட்டரை வைத்து ஒரு பொழுது பூராவும் சரிபார்த்தாள். என் வேலையில் அவளுக்கு நம்பிக்கை அவ்வளவு!

முதல் நாளே மேனேஜர் அந்த இருட்டில், கட்டைக்கு நேர் கீழே, காலை நீட்டிப் படுத்திருந்தார்.

உங்கள்,
மாப்பிள்ளை


நகரம்,
ஜனவரி 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் போன கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய்.

மலை வேலை முடிந்தது. இங்கே ஆபீசுக்கு மாற்றிவிட்டார்கள். தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். பின்னால் முற்றம், சுற்றிலும் மதில், மூலையில் குழாய். மேனேஜரை அழைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். உங்கள் இருவருக்கும் இனி அந்தத் தொல்லை வேண்டாம். அடுத்த மாதம் வண்டி எடுத்துக்கொண்டு வரட்டுமா? ஃபிரிட்ஜையும் கொடுத்தனுப்பினால் புண்ணியம்.

உன் அக்காவுக்கு என் நன்றியைச் சொல். எப்படிச் சொல்வாய் என்று தெரியவில்லை, சொல்லிவிடு.

அன்புடன்,
மாமா


வீடு,
ஜனவரி 18

அன்புள்ள மாமா,

சொன்னேன். அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மேனேஜர் அவள் காலடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். இப்போதெல்லாம் துணி காயப்போடுவதுகூட அவர் மேல் நிழல் விழாமல்தான்.

ஒரு புடவையை உதறி, கொடியில் போட்டு, நுனி இழுத்துவிட்டு, அப்புறம் சொன்னாள்: "அவரோட ஆமை. கூட்டிட்டுப் போகட்டும்."

"உனக்கு வருத்தமில்லையே?"

"எனக்கென்ன வருத்தம்? நான் என்ன கேட்டா வளர்த்தேன்?" அடுத்த துணியை எடுத்தாள். "ஆனா அங்க வெயில் எங்க விழுதுன்னு பார்த்தாராமா? குழாய் இருக்கு, மதில் இருக்குன்னு எழுதியிருக்காரே, வெயில் இருக்கான்னு எழுதலையே? அவர் ஆபீஸ் போனப்புறம் உச்சி வெயில்ல இது நிழலுக்குப் போச்சா இல்லையான்னு யார் பார்ப்பாங்க? மழை வந்தா யார் உள்ள தள்ளுவாங்க? கேட்டு எழுது."

அதனால் கேட்டு எழுதுகிறேன். ஒன்று மட்டும் என் சொந்தச் சரக்கு. நன்றி சொன்னீர்களே, அதற்கு அவள், "நன்றியெல்லாம் எதுக்கு, பக்கத்து வீட்டுக்காரிக்கு சொல்ற மாதிரி" என்றாள். கோபமா இல்லையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

உங்கள்,
மாப்பிள்ளை


நகரம்,
பிப்ரவரி 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அக்கா கேட்டது நியாயம். ஊரான் நிலத்தையெல்லாம் அளக்கிறவன், சொந்த முற்றத்தில் ஒரு குச்சி நடவில்லை. உன் கடிதம் வந்த பிறகுதான் நட்டேன்.

ஆபீசுக்கு லீவு போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்தில் மூன்று மாடிக் கட்டடம். காலை முழுக்க அதன் நிழல். உச்சியில் மதிலோரமாக ஒரு பாய் அகலத்துக்கு வெயில் வருகிறது, நான் டீ போட்டுக்கொண்டு வருவதற்குள் கிளம்பிவிடுகிறது. ஒருவேளை அன்றைக்கு மேகமோ என்று மறுநாளும் பார்த்தேன். மேகமில்லை.

பிறகு, வெயில் இல்லாவிட்டால் விளக்குப் போட்டுக்கொள்ளலாமே என்று யோசித்தேன். அந்தக் கதிரைத் தருகிற குழல்விளக்கு கிடைக்கிறது. வாங்கி, உயரம் பார்த்துத் தொங்கவிட்டு, டைமர் வைத்து, காலையில் ஏற்றி மாலையில் அணைக்கலாம். வெளியே பார்க்க நன்றாக எரிந்துகொண்டே இருக்கும், கதிர் மட்டும் குறைந்துபோகும், அதனால் அவ்வப்போது மாற்ற வேண்டும். எல்லாம் முடியும். படம்கூட வரைந்துவிட்டேன். வரைந்து முடித்ததும் உன்னுடைய அந்தப் பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உங்கள் முற்றத்தில் காலையிலிருந்து மாலைவரை ஒரு மூலை விட்டால் இன்னொரு மூலையில் வெயில் இருக்கிறது. இங்கே நான் ஒயர் இழுத்துக் கட்டுவதெல்லாம் அங்கே சும்மா கிடைப்பதற்கு ஈடாகாது. பகலில் இங்கே ஆளும் இல்லை.

மேனேஜர் அங்கேயே இருக்கட்டும். இந்த வரியை இரண்டு முறை அடித்து எழுதினேன், மறைப்பானேன். ஆனால் அளந்து பார்த்த பிறகு வேறு மாதிரி எழுத முடியாது.

நீ கேட்டாயே, கோபமா இல்லையா என்று. எனக்கும் தெரியவில்லை. கூடவே இருந்த காலத்திலும் எனக்கு அது தெரிந்ததில்லை. ஆனால் இன்னொன்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. மேனேஜருக்குப் பிடிக்காதது சூடு இல்லை, வெளிச்சம்தான் என்று அவள் எப்படிக் கண்டுபிடித்தாள்? நீயும் நானும் தெர்மாமீட்டரும் குச்சியும் வைத்துக்கொண்டு அல்லாடினோம், நமக்குத் தோன்றவில்லை. எவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்து பார்த்திருப்பாள்? எதைப் பார்த்தாள்? கேட்டு எழுது. அவசரமில்லை. அவள் சொன்னால் எழுது.

அன்புடன்,
மாமா


வீடு,
பிப்ரவரி 10

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தில் இருந்ததை நான் வாயால் சொல்லவில்லை, கடிதத்தையே கொடுத்துவிட்டேன். அவளே படித்தாள். நின்றபடி ஒருமுறை, அப்புறம் ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்து ஒருமுறை.

"மூணு மாடிக் கட்டடமா?" என்று மட்டும் கேட்டாள். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "லீவு போட்டா பார்த்தார்?" என்றாள். ஆமாம் என்றேன்.

பிறகு உங்கள் கேள்விக்குப் பதில் சொன்னாள் பாருங்கள்! நான் ஒரு வரி எதிர்பார்த்தேன். டீ ஆறிப்போகிற வரைக்கும் சொன்னாள். என்றைக்கு முதலில் கவனித்தாள், எங்கே உட்கார்ந்தாள், மேனேஜர் கழுத்தை எப்படித் திருப்பினார், கண்ணை மூடுவதற்கு முன்னால் என்ன செய்வார், ஒருநாள் கையால் வெளிச்சத்தை மறைத்துப் பார்த்தபோது என்ன ஆயிற்று, எல்லாம். கையை ஆமைத் தலை மாதிரி வைத்துக்கொண்டு செய்தே காட்டினாள். அவள் இவ்வளவு பேசி நான் கேட்டு ரொம்ப நாள் ஆகிறது. தையல்காரர்கூட மதிலுக்கு அந்தப் பக்கம் மிஷினை நிறுத்திவிட்டார்.

எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். சட்டென்று, "இதையெல்லாம் எழுதாதே" என்றாள்.

"ஏன்க்கா? மாமாதானே கேட்டிருக்கார்."

"எழுதினா காகிதத்தை வெச்சுட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார். தெரிஞ்சுக்கணும்னா நேர்ல வரச் சொல்லு, காட்டறேன். புருஷனா வர வேண்டாம், அந்தக் கதை முடிஞ்சுபோச்சு. ஆமைக்காரரா வரட்டும்."

ஆகையால் நான் எதையும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு. காலையில் வெயில் ஏறியதும் வாருங்கள்.

உங்கள்,
மாப்பிள்ளை